படத்துக்குள் ஓடும் கடிகாரம்

ஒரு சின்ன ஊர்த் திரையரங்கு. அங்கே படம் ஓட்டும் இளைஞருக்கு ஒரே ஓர் ஆசை: பெரிய துப்பறிவாளர் ஆக வேண்டும். கூட்டிப் பெருக்க வேண்டிய நேரத்தில்கூட ஒட்டு மீசையும் உருப்பெருக்கிக் கண்ணாடியுமாக உட்கார்ந்து, துப்பறிவது எப்படி என்று சொல்லும் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருப்பார். அவருக்குப் பிடித்த பெண்ணின் வீட்டில் ஒருநாள் அப்பாவின் கடிகாரம் காணாமல் போகிறது. எடுத்தவன் வேறொருவன். அதை 4 டாலருக்கு அடகு வைத்துவிட்டு, அடகுச் சீட்டை நம் இளைஞரின் சட்டைப்பையில் நழுவவிட்டுவிடுகிறான். பழி இவர்மேல் விழுகிறது. மனம் நொந்து திரையரங்குக்குத் திரும்புகிறவர், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுகிறார். கனவில் எழுந்து, கூட்டத்தின் நடுவே நடந்து போய், ஓடிக்கொண்டிருக்கும் படத்துக்குள்ளேயே ஏறிவிடுகிறார். அங்கே அவர்தான் உலகின் தலைசிறந்த துப்பறிவாளர். களவுபோன முத்துமாலையைத் தேடிக் கிளம்புகிறார்.

இதுதான் 1924இல் அமெரிக்காவில் வெளியான ‘ஷெர்லாக் ஜூனியர்’. கறுப்பு வெள்ளைப் படம், பேச்சு கிடையாது, சுமார் 45 நிமிடம் ஓடும். இயக்கியவரும் நாயகனாக நடித்தவரும் பஸ்டர் கீட்டன். 1895இல் கான்சஸ் மாநிலத்தில் பிறந்த இவர், நடக்கப் பழகிய வயதிலேயே அம்மா அப்பாவோடு மேடை ஏறியவர். மேடையில் அப்பா இவரைத் தூக்கி எறிவார். இவர் உருண்டு விழுந்து, முகத்தில் சலனமே இல்லாமல் எழுந்து நிற்பார். அடிபடாமல் விழுவதைச் சின்ன வயதிலேயே உடம்பால் படித்துக்கொண்டவர். அந்த அப்பா ஜோ கீட்டன்தான் இந்தப் படத்தில் கடிகாரத்தைப் பறிகொடுக்கும் அப்பாவாக வருகிறார்.

படத்தைப் பார்த்துச் சிரித்து முடித்த பிறகு ஒரு சந்தேகம் வரும். இவர்கள் எல்லோரும் ஏன் இவ்வளவு விறுவிறுவென்று ஓடுகிறார்கள்? உண்மையிலேயே அப்படி ஓடினார்களா, அல்லது கேமரா ஏதாவது செய்ததா? படம் துப்பறியும் படம். நாமும் துப்பறிந்தே இதற்கு விடை காணலாம். தடயம் படத்துக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் கேமராவைப் பற்றித் தெரிந்துகொள்வோம். அந்தக் காலத்தில் பெரும்பாலான படங்களைக் கையால் சுற்றும் கேமராவில்தான் எடுத்தார்கள். பக்கவாட்டில் ஒரு கைப்பிடி இருக்கும். ஒளிப்பதிவாளர் அதை ஒரு முறை சுற்றினால், உள்ளே படச்சுருள் நகர்ந்து 8 படங்கள் பதிவாகும். இப்படிப் பதிவாகும் ஒவ்வொரு தனிப் படத்துக்கும் பிரேம் என்று பெயர். விநாடிக்கு இரண்டு சுற்று சுற்றினால் விநாடிக்கு 16 பிரேம். சுற்றும் கையின் தாளம் தப்பினால் திரையில் மனிதர்களின் நடையும் தப்பும். கீட்டனின் ஒளிப்பதிவாளர் எல்ஜின் லெஸ்லி இந்தத் தாளத்தைத் தவறவிடாமல் சுற்றுவதில் பேர் பெற்றவர்.

இந்தத் தனித்தனிப் படங்களை அடுத்தடுத்துத் திரையில் காட்டினால் அசைவது போலத் தெரியும். நம் மூளைதான் இந்த வேலையைச் செய்கிறது. சற்றே இடம் மாறிய இரண்டு படங்கள் சட்டென்று அடுத்தடுத்து வந்தால், ஒரே பொருள் அங்கிருந்து இங்கே நகர்ந்ததாக மூளை முடிவு கட்டிவிடும். ஜெர்மனியில் மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர் 1912இல் இதை ஆராய்ந்து எழுதினார். படச்சுருள் ஓடிய காலத்துத் திரையரங்கு புரொஜெக்டரில் ஒரு பிரேம் போய் அடுத்த பிரேம் வருவதற்குள் ஒரு மூடி வந்து ஒளியை மறைத்துவிடும். அதாவது, திரையரங்கில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதி நாம் இருட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்! அந்த இருட்டு கண்ணுக்குத் தெரியாமல் இருக்க, ஒரே பிரேமை இரண்டு மூன்று முறை மின்னவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். 16 பிரேம், ஒவ்வொன்றும் 3 முறை என்றால் விநாடிக்கு 48 மின்னல். அவ்வளவு வேகமாக மின்னினால் பெரும்பாலும் கண் அதைத் தொடர்ந்த வெளிச்சமாகவே எடுத்துக்கொள்ளும்.

இப்போது வேகத்துக்கு வருவோம். விநாடிக்கு 16 பிரேமாக எடுத்த படத்தை விநாடிக்கு 24 பிரேமாக ஓட்டினால் என்ன ஆகும்? 24 விநாடி நடந்த சம்பவம் 16 விநாடியிலேயே முடிந்துவிடும். எல்லாம் ஒன்றரை மடங்கு வேகம். கீட்டன் காலத்து நகைச்சுவைக் கலைஞர்கள் துரத்தல் காட்சி வரும்போது வேண்டுமென்றே கைப்பிடியை மெதுவாகச் சுற்றச் சொல்வார்கள். மெதுவாக எடுத்தால் வேகமாகத் தெரியும். 1920களின் கடைசியில் பேசும் படம் வந்ததும் இந்த விளையாட்டு குறைந்துவிட்டது. வேகம் மாறினால் பேசுபவரின் குரலும் கீச்சென்று மாறிவிடும் அல்லவா? அதனால் எல்லோரும் விநாடிக்கு 24 பிரேம் என்று நிலையாக வைத்துக்கொண்டார்கள்.

சரி, ஒரு குறிப்பிட்ட காட்சியை எந்த வேகத்தில் சுற்றினார்கள் என்று நூறு ஆண்டு கழித்து எப்படிக் கண்டுபிடிப்பது? ஒளிப்பதிவாளரைக் கேட்க முடியாது. படத்தில் நடப்பவர்களைப் பார்த்தும் சொல்ல முடியாது. ஒருவர் மெதுவாக நடப்பார், இன்னொருவர் வேகமாக நடப்பார். ஆனால் ஒன்று மட்டும் அமெரிக்காவிலும் மதுரையிலும், 1924இலும் இன்றும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் நடக்கும். கீழே விழுவது!

கையிலிருந்து ஒரு கல்லை விட்டால், முதல் விநாடியில் சுமார் 5 மீட்டர் விழும். இரண்டு விநாடி முடியும்போது 20 மீட்டர், மூன்று விநாடி முடியும்போது 45 மீட்டர். நேரம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு, நேரம் மூன்று மடங்கானால் தூரம் ஒன்பது மடங்கு. இத்தாலியில் கலிலியோ கண்டறிந்த விதி இது. பெரிய கல், சிறிய கல், குதிக்கும் மனிதர் எல்லாருக்கும் இதே கணக்குதான். காற்றில் மிதந்து மிதந்து விழும் காகிதம், இறகு, தொப்பி மட்டும் இதில் சேராது. ஆகவே விழும் பொருள் ஒவ்வொன்றும் படத்துக்குள் ஓடும் ஒரு கடிகாரம். எந்த இயக்குநராலும் அதன் முள்ளைத் திருப்பிவைக்க முடியாது.

கடிகாரம் கிடைத்துவிட்டது. அளவுகோல்? அதுவும் திரையிலேயே நிற்கிறது. கீட்டனின் உயரம் சுமார் 165 செ.மீ. அவர் உயரமுள்ள ஒரு சுவரிலிருந்து ஒருவர் அப்படியே கீழே இறங்கிக் குதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 1.65 மீட்டர் விழ ஆகும் நேரம் 0.58 விநாடி. இப்போது படத்தை நிறுத்தி, ஒவ்வொரு பிரேமாக நகர்த்துங்கள். கால் சுவரை விட்டதிலிருந்து தரையைத் தொடும் வரை எத்தனை பிரேம் என்று எண்ணுங்கள். 14 வந்தால், 14ஐ 0.58ஆல் வகுக்க விடை 24. கேமரா விநாடிக்கு 24 பிரேம் எடுத்திருக்கிறது. 9 வந்தால் விடை 15.5, அதாவது ஏறக்குறைய 16. பழைய படத்தை இன்றைய வேகத்துக்குப் பொருத்தும்போது சில பிரதிகளில் ஒரே பிரேமை இரண்டு முறை வைத்திருப்பார்கள். அப்படி ஒன்றுபோலவே இரண்டு வந்தால் ஒன்றாகவே எண்ணுங்கள். அப்போதுதான் கணக்கு சரியாக வரும்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடும் படத்தில் ஈர்ப்பு விசை எத்தனை மடங்காகத் தெரியும்? ஒன்றரை மடங்கு என்று சொல்லிவிடாதீர்கள். 1.5ஐ 1.5ஆல் பெருக்க வேண்டும், 2.25 மடங்கு! வியாழன் கோளின் மேகப்பரப்பில் ஈர்ப்பு பூமியைப் போலச் சுமார் 2.5 மடங்கு. கிட்டத்தட்ட வியாழனில் வாழ்கிறவர்கள் போல எல்லாரும் தொப்பென்று விழுகிறார்கள். ஆனால் களைப்பே இல்லாமல் உடனே எழுந்தும் விடுகிறார்கள். நிஜ உலகில் எங்கேயும் பார்க்க முடியாத இந்தக் கலவைதான் நம்மைச் சிரிக்க வைக்கிறது என்று நினைக்கிறேன்.

வேகத்தைத் தவிர இந்தப் படத்தில் கேமராவின் வேறு வித்தைகளும் இருக்கின்றன. தூங்குகிற இளைஞரின் உடம்பிலிருந்து கண்ணாடி போன்ற இன்னொரு இளைஞர் எழுந்து வருவார். ஒருமுறை பதிவான படச்சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, அதன்மேலேயே மறுபடியும் படம் பிடிப்பார்கள். இரண்டு முறை விழுந்த ஒளியும் ஒரே பிரேமில் சேரும். ‘தி பிளேஹவுஸ்’ என்ற 1921ஆம் ஆண்டுப் படத்தில் இதே போன்ற முறையில் கீட்டன் ஒரே மேடையில் ஒன்பது பேராக உட்கார்ந்திருப்பார். லெஸ்லி ஒவ்வொரு முறையும் பின்னோக்கிச் சுற்றி, அதே இடத்திலிருந்து அதே தாளத்தில் மறுபடி தொடங்கியிருக்கிறார். கணினி இல்லாத காலத்தில் செய்த வேலை அது.

எனக்கு மிகவும் பிடித்தது, அவர் திரைக்குள் நுழைந்த உடனே வரும் காட்சி. தோட்டத்தில் ஒரு பெஞ்சில் உட்காரப் போகிறார். உட்காரும் நொடியில் காட்சி மாறித் தெருவில் விழுகிறார். கார்களுக்கு நடுவே நடக்கிறார். திடீரென்று மலையுச்சியின் விளிம்பில் நிற்கிறார். எட்டிப் பார்த்தால் சுற்றிலும் சிங்கங்கள். அப்புறம் பாலைவனம், உரசிக்கொண்டு போகும் ரயில், கடல் நடுவே ஒரு பாறை. தண்ணீரில் குதிக்கலாம் என்று தலைகீழாகப் பாய்கிறார். பனிக்குவியலில் தலை புதைகிறது. உலகம் மட்டும் மாறுகிறது, அவர் மாறுவதே இல்லை. இதை எப்படி எடுத்தார்கள்? அளந்துதான். ஒவ்வோர் இடத்திலும் கேமராவுக்கும் கீட்டனுக்கும் நடுவே உள்ள தூரத்தை, நிலம் அளப்பவர்கள் வைத்திருக்கும் கருவிகளைக்கொண்டு துல்லியமாக அளந்தார்கள். தூரம் கொஞ்சம் மாறினாலும் அவர் உருவம் பெரிதாகவோ சிறிதாகவோ தெரிந்து குட்டு வெளிப்பட்டுவிடும். வடிவியல் பாடத்தில் நீங்கள் போடும் ஒத்த முக்கோணக் கணக்கு இதுதான்.

நிறத்திலும் ஒரு தடயம் உண்டு. அந்தக் காலத்தில் பெரிதும் புழங்கிய படச்சுருள், நீல ஒளியை நன்றாக உணரும். சிவப்பை உணரவே உணராது. அதனால் நீல வானம் வெள்ளையாகவும், சிவந்த உதடு கறுப்பாகவும் பதிவாகும். பழைய படங்களில் வானத்தில் மேகமே இல்லாதது போலத் தெரிவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

இனி கேமரா வித்தை எதுவும் தேவைப்படாத இடங்கள். துரத்தல் காட்சியில் கீட்டன் மோட்டார் சைக்கிளின் கைப்பிடிமேல் உட்கார்ந்திருக்கிறார். ஓட்டுபவர் பள்ளத்தில் குலுங்கி விழுந்துவிடுகிறார். இவருக்கு அது தெரியவே தெரியாது. விழுகிற ஓட்டுநராகவும் நடித்தது கீட்டனேதான்! வண்டி எப்படி உடனே சாயாமல் போகிறது? ஓடும் இருசக்கர வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால், முன்சக்கரம் தானாகவே அந்தப் பக்கம் திரும்பும். அதனால் வண்டி மறுபடி நிமிரும். குறைந்த வேகத்தில் இது நடக்காது.

அப்புறம் ஒரு கார். அந்தக் காலத்தில் பெரும்பாலான கார்களுக்குப் பின்சக்கரங்களில் மட்டுமே பிரேக் இருந்தது. நான்கு சக்கரத்துக்கும் பிரேக் என்பது அப்போதுதான் வந்த புதுமை. படத்தில் கீட்டன் ஏரிக்கரையில் பிரேக்கை மிதிக்கிறார். சக்கரங்களும் அடிச்சட்டமும் அங்கேயே நின்றுவிடுகின்றன. மேல்கூடு மட்டும் அவரையும் அந்தப் பெண்ணையும் சுமந்துகொண்டு தண்ணீருக்குள் பாய்கிறது. பேருந்து திடீரென்று நிற்கும்போது நாம் முன்னால் சாய்வதற்கு என்ன காரணமோ அதே காரணம்தான். நியூட்டனின் முதல் விதி: ஓடிக்கொண்டிருப்பதைத் தடுக்க ஏதாவது ஒன்று வேண்டும். தண்ணீரில் விழுந்த கூடு கொஞ்ச நேரம் படகாகிறது. காரின் துணிக்கூரையை அவர் பாயாக விரிக்கிறார். கூடு தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்கும் வரைக்கும் மிதக்கும். உள்ளே தண்ணீர் ஏற ஏற எடை கூடுகிறது. பிறகு மூழ்கத்தான் வேண்டும்.

கடைசியாக ரயில் காட்சி. கனவு வருவதற்கு முன்பே இது வந்துவிடும். கீட்டன் ஒரு சரக்கு ரயிலின் கூரைமேல் ஓடுகிறார். ரயில் முன்னால் போகிறது, இவர் பின்னால் ஓடுகிறார். இரண்டு வேகமும் சமமாக இருந்தால் தரையிலிருந்து பார்ப்பவருக்கு இவர் ஒரே இடத்தில் நின்று ஓடுவது போலத் தெரியும். பெட்டிகள் காலடியில் ஒவ்வொன்றாக நழுவிப் போகின்றன. கடைசிப் பெட்டியும் நழுவும்போது, பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து தொங்கும் கயிற்றை எட்டிப் பிடிக்கிறார். நீராவி எஞ்சின்களுக்குத் தண்ணீர் நிரப்ப ரயில் பாதையோரம் இப்படி உயரமான தொட்டிகள் இருந்தன. கயிற்றை இழுத்தால் பெரிய குழாய் கீழே இறங்கித் தண்ணீர் கொட்டும். இவருடைய எடையே கயிற்றை இழுத்தது. குழாய் இறங்கியது. தண்ணீர் மொத்தமும் இவர்மேல் கொட்டி, இவரைத் தண்டவாளத்தில் அறைந்தது.

தண்ணீருக்கு அவ்வளவு வலுவா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பெரிய குழாயில் விநாடிக்கு 100 லிட்டர் கொட்டுகிறது, 5 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது பத்து வாளித் தண்ணீர், ஒவ்வொரு விநாடியும். கீழே வரும்போது அதன் வேகம் விநாடிக்கு 10 மீட்டர். இந்த 100 கிலோவை 10ஆல் பெருக்கினால் 1000 நியூட்டன் விசை. ஏறக்குறைய 100 கிலோ மூட்டை ஒன்று விடாமல் அழுத்துவதற்குச் சமம். கீட்டன் ஒல்லியான, குள்ளமான மனிதர்.

கழுத்தின் பின்புறம் தண்டவாளத்தில் மோதியது. படத்தில் அவர் எழுந்து ஓடிவிடுகிறார், நாம் சிரிக்கிறோம். அதன் பிறகு அவருக்குக் கடுமையான தலைவலி வந்தது. ஆனாலும் வேலையைத் தொடர்ந்தார். பல ஆண்டுகள் கழித்து வேறு எதற்கோ எக்ஸ்ரே எடுத்தபோதுதான், அவருடைய கழுத்தெலும்பு எப்போதோ முறிந்து தானாகவே கூடியிருப்பதை மருத்துவர் கண்டு சொன்னார். கேமராவை மெதுவாகச் சுற்றி நேரத்தைச் சுருக்கலாம், பின்னோக்கிச் சுற்றி ஒருவரை ஒன்பது பேராக்கலாம். கொட்டும் தண்ணீரிடம் அதெல்லாம் நடக்காது. அந்தத் தண்ணீரின் எடை நிஜம். முறிந்த எலும்பும் நிஜம். சின்ன வயதிலிருந்து விழுந்து பழகிய ஒருவருக்கே இந்தக் கதி. ஆகவே குதிப்பதையும் தாவுவதையும் நீங்கள் செய்து பார்க்கவே கூடாது. எண்ணுவதை மட்டும் செய்யுங்கள்.

எண்ணிப் பழக வீட்டிலேயே வழி இருக்கிறது. பெரியவர்களிடம் கைபேசியைக் கேட்டு வாங்கி, சுவரில் ஒரு மீட்டருக்குக் கோடு போட்டு, அதன் அருகில் ஒரு பந்தை விழவிட்டுப் படம் எடுங்கள். ஒரு மீட்டர் விழ 0.45 விநாடி ஆகும். எத்தனை பிரேம் வந்தது என்று எண்ணி 0.45ஆல் வகுத்தால், உங்கள் கைபேசி விநாடிக்கு எத்தனை படம் எடுக்கிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் 30க்குப் பக்கத்தில் வரும். மெதுவாகக் காட்டும் வசதியை வைத்து எடுத்தால் 120, 240 என்றுகூட வரலாம்.

கை பழகிய பிறகு கீட்டனிடம் போங்கள். ‘ஷெர்லாக் ஜூனியர்’ படத்தின் காப்புரிமை 2020 ஜனவரி 1 அன்று அமெரிக்காவில் முடிந்துவிட்டது. இணையத்தில் கட்டணம் இல்லாமல் பார்க்கலாம். முதல் முறை நன்றாகச் சிரித்துப் பாருங்கள். இரண்டாவது முறை காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, யாராவது குதிக்கும் இடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எண்ணுங்கள். லெஸ்லியின் கை எவ்வளவு வேகத்தில் சுற்றியது என்று கண்டுபிடித்து, எந்தக் காட்சி, எத்தனை பிரேம் என்ற விவரத்தோடு நம் இதழுக்கு எழுதி அனுப்புங்கள்.